ஊசிவால் வாத்துக்கு எந்த ஊர்?

மார்கழிக் குளிர் தலைநகரைப் பிடித்துக்கொண்டு விட்டது. நம் வீடுகளில் கம்பளிச் சட்டைகளும் ரஜாய்களும் பெட்டியை விட்டு வெளியே வந்து பல நாட்களாயின. விடியற்காலையில் குழாய்த் தண்ணீரைத் தொடுவதற்கே தனித் துணிச்சல் வேண்டியிருக்கிறது. "இந்தக் குளிருக்குப் பயந்தே ஊரோடு போய்விடலாம்" என்று ஒரு முறையாவது சொல்லாத தமிழ்க் குடும்பம் டில்லியில் இருக்குமா என்பது சந்தேகமே.

ஆனால், இதே டில்லிக் குளிரை இதமான பருவம் என்று கருதி, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கடந்து இங்கே வந்து தங்கும் விருந்தினரும் உண்டு. அவர்களில் ஒருவரைத்தான் இம்மாதம் இப்பகுதியில் அன்பர்களுக்கு அறிமுகம் செய்து வைக்க விரும்புகிறோம். ஊசிவால் வாத்து என்பது அவருடைய பெயர்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து குடும்பத்தினர் சேர்ந்து ஓக்லாவுக்குப் போயிருந்தோம். யமுனை டில்லியை விட்டு உத்தரப் பிரதேசத்துக்குள் நுழையும் இடத்தில் ஓர் அணைக்கட்டு இருக்கிறதல்லவா? அதனால் தேங்கி நிற்கும் நீர்ப்பரப்பும் கரைச் சதுப்பும் 1990-ஆம் ஆண்டில் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஏறக்குறைய நான்கு சதுர கிலோமீட்டர் பரப்பு. மெட்ரோ ரயிலில் அந்தச் சரணாலயத்தின் பெயராலேயே ஒரு நிலையம் 2017-ஆம் ஆண்டு முதல் இருந்து வருகிறது. புளியோதரைப் பொட்டலங்கள், ஒரு பெரிய பிளாஸ்க் நிறையக் காப்பி, இரவல் வாங்கிய தொலைநோக்கி ஒன்று, இவற்றுடன் நாங்கள் போய்ச் சேர்ந்தபோது, பனி மூட்டம் நீர்மேல் வெள்ளைத் துப்பட்டியாய்க் கிடந்தது. ஒன்றுமே தெரியவில்லை. குழந்தைகள், "எங்கே பறவை? எங்கே பறவை?" என்று துளைத்தெடுத்தார்கள்.

ஒன்பதரை மணி சுமாருக்கு மூட்டம் விலகிற்று. நீர் நடுவே நூற்றுக்கணக்கான புள்ளிகள் தென்பட்டன. நாமக்கோழிகள், தட்டை வாயன் வாத்துகள், கிளுவைகள் எனப் பல இனங்கள் கலந்திருந்தன. அவற்றினிடையே, கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, வாலைச் சற்றே உயர்த்திக்கொண்டு, கூட்டத்தில் கலந்தும் கலவாமலும் மிதந்தன சில பறவைகள். "அதோ, ஊசிவால்!" என்றார் எங்களுடன் வந்திருந்த கல்லூரி ஆசிரியர்.

ஆண் வாத்தின் அழகைச் சொல்லித் தீராது. தலை முழுவதும் நல்ல கருப்பட்டி நிறம். கழுத்தின் பக்கவாட்டில் ஒரு வெள்ளைக் கோடு கீழிருந்து மெலிந்துகொண்டே மேலேறித் தலையின் பின்புறம் வரை செல்கிறது. மார்பு தும்பைப் பூ. முதுகும் விலாவும் சாம்பல் நிறம். தூரத்தில் வெறுஞ் சாம்பலாகத் தெரிவது, தொலைநோக்கியில் பார்த்தால், மயிரிழை போன்ற கருங்கோடுகள் நெருங்கி ஓடும் நுண்ணிய வேலைப்பாடு என்பது விளங்கும். அலகு நீலஞ் சேர்ந்த சாம்பல். நடுவே ஒரு கறுப்புப் பட்டை. இத்தனைக்கும் சிகரம் வைத்தாற்போல், வாலின் நடுவிலிருந்து இரண்டு கரிய இறகுகள் ஊசிபோல் நீண்டு நிற்கின்றன. அந்த இறகுகள் மட்டுமே பத்துச் சென்டிமீட்டர் அளவு வரும்.

அந்த வாலைக் கண்டுதான் உலகம் முழுவதும் இதற்குப் பெயர் வைத்திருக்கிறது. 1758-ஆம் ஆண்டில் இதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டிய ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், கூரியது என்று பொருள்படும் லத்தீன் சொல்லையே தேர்ந்தெடுத்தார். ஆங்கிலேயர் குண்டூசியைக் கண்டார்கள். நாம் ஊசியைக் கண்டோம். இங்குள்ள இந்திக்காரர்கள் சீங்க்பர் என்கிறார்கள். சீங்க் என்றால் துடைப்பத்தில் இருக்கிறதே, அந்த ஈர்க்கு. பர் என்றால் இறகு. ஆக, ஈர்க்கிறகு வாத்து! எங்களோடு வந்திருந்த அம்மாள் ஒருவர், "நம் பெயரைவிட இதுதான் பொருத்தம்" என்று தீர்ப்புக் கூறிவிட்டார்.

பெண் வாத்துக்கு இந்த ஆடம்பரம் ஒன்றும் கிடையாது. உடல் முழுவதும் பழுப்பும் கறுப்புமாகச் சருகு நிறம். வாலும் குட்டையானதே, ஆயினும் கூர்மையானது. தரையில் அடைகாக்க வேண்டியவளுக்குச் சருகோடு சருகாகத் தோன்றுவதே காப்பு. ஆணும் ஆண்டு முழுவதும் இப்படிச் சிங்காரமாக இருப்பதில்லை. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் அழகிய இறகுகளை உதிர்த்துவிட்டுப் பெண்ணைப் போன்ற எளிய உடைக்கு மாறிவிடுகிறது. ஆகையால் அக்டோபரில் வந்திறங்கும் கூட்டத்தைப் பார்த்தால் எல்லாமே பெண்கள் என்று எண்ணத் தோன்றும். மார்கழி நெருங்க நெருங்கத்தான் மாப்பிள்ளைக் கோலம் திரும்புகிறது. தை மாதத்தில் ஒரு பெண்ணைச் சுற்றி நாலைந்து ஆண்கள் கழுத்தை நிமிர்த்தியும் மெல்லச் சீட்டியடித்தும் தங்கள் கோட்டையும் வாலையும் காட்டிக்கொண்டு மிதப்பதைக் காணலாம். தேர்ந்தெடுப்பது பெண்தான். அவள் திடீரென்று எழும்பிப் பறந்தால், ஆண்கள் அத்தனையும் பின்தொடர்ந்து பறக்கின்றன.

உணவு கொள்ளும் முறையும் வேடிக்கையானது. இவை முக்குளித்து ஆழத்துக்குச் செல்லும் இனமல்ல. உடல் நீர்மேல் மிதந்தபடியே முன்புறம் கவிழ்கின்றன. தலையும் கழுத்தும் நீருக்குள், வால் வானத்தை நோக்கி! கழுத்து நீளமாதலால், மற்ற மேய்ச்சல் வாத்துகளுக்கு எட்டாத அடிச்சேறு இவற்றுக்கு எட்டுகிறது. ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைந்த ஆழம் இருந்தால் போதும். நீர்த் தாவரங்களின் விதைகள், கிழங்குகள், புழு பூச்சிகள், சிறு நத்தைகள் முதலியன இவற்றின் ஆகாரம். பகலெல்லாம் திறந்த நீரில் ஓய்ந்திருந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் சதுப்பையும் வயல்களையும் தேடிப் புறப்படும். இரவில் மேய்ந்து விடியுமுன் திரும்பிவிடும். எச்சரிக்கை மிகுந்த பறவை. யாராவது கரையருகே வேகமாக நடந்தால் போதும். ஓடி வேகம் கூட்டிக்கொள்ளாமல் நீரிலிருந்து நேராக எழும்பிப் பறந்துவிடும். எங்கள் குழந்தைகளில் ஒருவன் கையைத் தட்டியதற்கு அரை மணி நேரக் காட்சியை நாங்கள் அபராதமாகச் செலுத்தினோம்.

காப்பி குடிக்கும்போதுதான் அந்தக் கேள்வி எழுந்தது. எங்களுடன் ஒரு பெரியவர் வந்திருந்தார். மத்திய சர்க்கார் உத்தியோகத்துக்காக இளம் வயதில் டில்லிக்கு வந்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். செங்கற்பட்டு மாவட்டத்துக்காரர். தொலைநோக்கியை நெடுநேரம் கண்ணிலிருந்து எடுக்காமல் இருந்தவர், "இதை நான் பார்த்திருக்கிறேன். எங்கள் பக்கத்து ஏரியில், ஐப்பசி மழைக்குப் பிறகு வரும்" என்றார். அவருடைய பேரன், பத்து வயதுப் பையன், டில்லியிலேயே பிறந்தவன், உடனே கேட்டான்: "தாத்தா, அப்படியானால் இதற்கு எந்த ஊர்?"

பெரியவர், "ரஷ்யாவிலுள்ள சைபீரியா" என்றார்.

"அங்கே எத்தனை மாசம் இருக்கும்?"

கல்லூரி ஆசிரியர் கணக்குச் சொன்னார். அக்டோபரில் வந்தால் மார்ச்சு வரையில் இங்கே. இடைவழியில் சில வாரங்கள். வடக்கே ஏறக்குறைய நான்கு மாதம்.

பையன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தான். "இங்கேதானே அதிக நாள் இருக்கிறது? அப்புறம் ஏன் அதை வெளியூர்ப் பறவை என்கிறீர்கள்?" என்றான். அதோடு நிற்கவில்லை. "எனக்கும் பள்ளிக்கூடத்தில் சொந்த ஊர் என்று எழுதச் சொன்னார்கள். நான் என்ன எழுதுவது, தாத்தா?"

பெரியவர் பதில் சொல்லவில்லை. ஊரிலிருந்த பூர்வீக வீட்டைச் சென்ற ஆண்டுதான் அவர் விற்றிருக்கிறார் என்பது எங்களில் சிலருக்குத் தெரியும். காப்பி ஆறிப் போயிற்று.

அன்பர்களே, அந்தக் கேள்விக்கு நாங்களும் அங்கே பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு வாத்தின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தோம்.

இதன் பிறப்பிடம் ஐரோப்பா, ஆசியா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களின் வடபாகம். பனி உருகியதும் தரையில் சிறு குழி பறித்து, புல்லும் தன் மார்புத் தூவியும் பரப்பி, பெண் வாத்து ஏழு முதல் ஒன்பது முட்டைகள் வரை இடுகிறது. 22 முதல் 24 நாட்கள் வரை அவள் ஒருத்தியே அடைகாக்கிறாள். குஞ்சுகள் பொரித்த சில மணி நேரத்தில் அவற்றை நீருக்கு அழைத்துச் செல்கிறாள். சில சமயம் அந்த நீர் வெகு தூரத்தில் இருக்கும். ஆறேழு வாரத்தில் குஞ்சுகள் பறக்கக் கற்றுவிடும். ஆண்களோ அடைகாக்கும் காலத்திலேயே பிரிந்துபோய் ஒன்றுகூடி இறகு உதிர்க்கின்றன. சிறகு இறகுகள் ஒரே சமயத்தில் விழுந்துவிடுவதால், ஏறத்தாழ நான்கு வாரம் அவற்றால் பறக்கவே இயலாது. நீர் உறையத் தொடங்குமுன் எல்லாமே தெற்கு நோக்கிப் புறப்பட்டாக வேண்டும்.

பிரயாணம் பெரும்பாலும் இரவில். வட அமெரிக்காவில் ஊசிவால் வாத்து ஒன்று எங்கும் இறங்காமல் ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர் பறந்ததாகப் பதிவு உண்டு. நம் நாட்டுக்கு வருபவை எங்கிருந்து வருகின்றன என்பதைக் கண்டறிய உதவியது ஒரு சிறு உலோக வளையம். 1960-களில் சாலிம் அலி அவர்களின் தலைமையில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் பரத்பூரிலும் பிற இடங்களிலும் ஆயிரக்கணக்கான பறவைகளைப் பிடித்து, காலில் எண் பொறித்த வளையம் மாட்டி விடுவித்தார்கள். அப்படி வளையமிட்ட வாத்துகள் பின்னர் அன்றைய சோவியத் நாட்டில் கிடைத்தன. வானத்துப் பாதைக்கு எழுத்து மூலம் அத்தாட்சி கிடைத்தது.

பரத்பூரின் கதையே தனிக் கதை. ஆக்ராவிலிருந்து ஒன்றரை மணி நேரப் பயணத்தில் உள்ள அந்தச் சதுப்பு, மன்னர்களும் ஆங்கிலேயப் பிரபுக்களும் வாத்து வேட்டையாடிய இடம். 1938-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு கலந்துகொண்ட வேட்டையில், ஒரே நாளில் 4,273 பறவைகள் சுட்டு வீழ்த்தப்பட்டன. அந்த எண்ணைக் கல்லில் பொறித்தும் வைத்திருக்கிறார்கள். அதே இடம் 1981-இல் உலகளாவிய முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பட்டது. 1985-இல் உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. இன்று அங்கே துப்பாக்கியின் இடத்தில் தொலைநோக்கி இருக்கிறது. ஒரிஸ்ஸாவில் சிலிகா ஏரிக்கரையிலுள்ள மங்கலஜோடி கிராமத்திலும் இதே மாற்றம் நேர்ந்தது. பறவைகளைக் கொன்று விற்றுப் பிழைத்தவர்கள் அவற்றைக் காவல் காத்து, படகில் பயணிகளை அழைத்துச் சென்று பிழைக்கிறார்கள். சிலிகாவில் குளிர்காலத்தில் மிகுதியாகக் கூடும் வாத்துகளில் நம் ஊசிவாலும் ஒன்று.

இந்தப் பாதை சிலிகாவோடு நின்றுவிடுவதில்லை. கோடிக்கரை வரையிலும், கடல் கடந்து இலங்கையின் மன்னார் வரையிலும் ஊசிவால்கள் போகின்றன. வேடந்தாங்கலுக்கும் வருகின்றன. பெரியவர் சிறு வயதில் கண்டது பொய்யல்ல. வேடந்தாங்கல் ஏரியில் பறவைகளைச் சுடலாகாது என்ற கிராமத்தாரின் உரிமையை 18-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ் ஏற்றுக்கொண்டார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாகிறது என்பதைக் கண்டவர்கள் அந்தக் கிராமத்தார். அந்தப் பட்சிகள் எந்த தேசத்தவை என்று அவர்கள் விசாரிக்கவில்லை. தங்கள் ஏரிக்கு வந்தவை தங்கள் பொறுப்பு என்று கொண்டார்கள்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லத்தான் வேண்டும். வட அமெரிக்காவில் 1950-களின் நடுவில் ஒரு கோடியை நெருங்கியிருந்த ஊசிவால்களின் எண்ணிக்கை, 2002-ஆம் ஆண்டில் இருபது லட்சத்துக்கும் கீழே இறங்கிற்று. வேட்டை ஒன்றே இதற்குக் காரணமன்று. புல்வெளிகள் வயல்களாயின, குட்டைகள் வறண்டன. அறுவடை முடிந்த தாள் நிலத்தில் முட்டையிடுவது இவற்றின் வழக்கம். அதே நிலத்தைக் குடியானவர் வசந்தத்தில் உழுதபோது கூடுகள் மண்ணோடு போயின. இங்கே ராஜஸ்தானத்துச் சாம்பர் ஏரியில் 2019-ஆம் ஆண்டு நவம்பரில் பல இனங்களைச் சேர்ந்த 18,000-க்கும் மேற்பட்ட பறவைகள் சில வாரங்களில் மடிந்தன. போடுலிசம் என்னும் நச்சு நோய்தான் காரணம் என்று பரிசோதனையில் தெரிந்தது. ஊசிவால் உலகில் அருகிப்போன பறவையல்ல. இன்றும் லட்சக்கணக்கில் உண்டு. ஆனால் பாதையில் ஓர் ஏரி கெட்டாலும் அதற்குக் கணக்குத் தீர்க்கப்படுகிறது. வடக்கே கூடு கட்டும் நிலம் ஒன்று, தெற்கே மேயும் நீர் ஒன்று, இடையே இளைப்பாறும் குட்டைகள் சில. இவற்றில் எது இல்லாவிட்டாலும் அதன் வாழ்வு அறுந்துபோகும். ஆகவே, அதற்கு ஊர் எது என்றால், அது இறங்கும் நீர் அத்தனையும் அதன் ஊர்தான்.

இங்கே நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரிலுள்ள ஏரி தூர்ந்துவிட்டது, குளத்தை மூடிக் கட்டடம் எழுப்பிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டால் நமக்கு நெஞ்சு பதறுகிறது. பதற வேண்டியதுதான். ஆனால் ஓக்லா அணைக்கு அருகில், காளிந்தி குஞ்ச் பக்கம், குளிர்காலத் தொடக்கத்தில் யமுனை மேல் வெண்ணுரை மலைபோல் மிதப்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். நம் வீட்டுச் சலவைச் சோப்பும் சாக்கடையும் தொழிற்சாலைக் கழிவுமே அந்த நுரை. அதைக் கண்டால், "இந்த ஊரே இப்படித்தான்" என்று சொல்லிவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டு நகர்ந்துவிடுகிறோம். முப்பது ஆண்டு குடியிருந்தும் சத்திரத்தில் தங்கியவர்களைப் போலவே பேசுகிறோம். அந்த நுரைக்குச் சற்றுத் தள்ளித்தான் நாங்கள் கண்ட ஊசிவால்கள் மேய்ந்துகொண்டிருந்தன. இதே இனத்தைத்தான் பெரியவர் வேடந்தாங்கல் பக்கத்தில் கண்டார். காவிரியும் பாலாறும் நம்முடையவை, யமுனை வேறு யாருடையதோ என்று நாம் எண்ணலாம். அந்த வாத்து அப்படிப் பிரித்துப் பார்க்கவில்லை.

போக விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்: பொங்கலை ஒட்டிய வாரங்களே சிறந்த காலம். பனி விலகிய பின்பும், மாலை நான்கு மணிக்கு மேலும் நன்றாகத் தெரியும். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடைகளைத் தவிர்க்கவும். ரொட்டித் துண்டும் காராபூந்தியும் வாத்துக்கு ஆகாரமல்ல, தயவுசெய்து வீசாதீர்கள். புளியோதரைப் பொட்டலத்து இலையையும் காகிதத்தையும் திரும்ப எடுத்து வந்துவிடுங்கள். குழந்தைகளிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுத்து, கண்டவற்றைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். டில்லியிலும் கல்கத்தாவிலும் வெளியான ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950 முதல் 1996-இல் மறையும் வரை இடைவிடாமல் இயற்கையைப் பற்றி எழுதிவந்த மா. கிருஷ்ணன் ஒரு தமிழர்தான். தமிழிலும் பறவைகளைப் பற்றி அருமையாக எழுதியவர். அந்த வழியில் நம் பிள்ளைகளில் ஒருவர் வரக் கூடாதா என்ன?

இக்கட்டுரையை முடிக்கும் தறுவாயில் பெரியவரிடமிருந்து தொலைபேசி வந்தது. பேரனின் பள்ளிக்கூட விவகாரம் தீர்ந்துவிட்டதாம். சொந்த ஊர் என்ற இடத்தில் அவன் முதலில் தாத்தாவின் கிராமத்தை எழுதினானாம். பிறகு ஒரு கால்புள்ளி போட்டு, டில்லி என்றும் எழுதினானாம். ஆசிரியை, ஏதாவது ஒன்றைத்தான் எழுத வேண்டும் என்றாராம். "பையன் அடிக்க மாட்டேன் என்று விட்டான்" என்று சொல்லிப் பெரியவர் சிரித்தார். பிறகு, "அடுத்த ஞாயிறு மறுபடி ஓக்லாவுக்குப் போகலாமா? இந்தத் தடவை ஒரு கோணிப்பையும் கொண்டு வருகிறேன். கரையில் கிடக்கிற பிளாஸ்டிக்கைப் பொறுக்கலாம்" என்றார்.

போகிறோம். வர விரும்புகிறவர்கள் காலை எட்டரை மணிக்கு மெட்ரோ நிலைய வாசலில் எங்களுடன் சேர்ந்துகொள்ளலாம். காப்பி எங்களுடையது.